யாழ் நரம்பு முதல் கித்தார்க் கம்பி வரை



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் நடந்த ஒரு நிகழ்வை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடங்கினால் நான் ஏதோ இசையறிஞன் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடும். நான் தமிழாசிரியன், கித்தாரில் நான்கு பாட்டு வாசிப்பேன். அவ்வளவுதான்.

பரிசளிப்பு விழாவில் வாசிப்பதற்காக ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் தாத்தாவின் கித்தாரைக் கொண்டு வந்தான். தாத்தா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆறு நரம்புகளில் இரண்டு அறுந்தும் மற்றவை நிறம் மங்கியும் கிடந்தன. "ஐயா, இதுக்குக் கம்பி மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டான். அன்று மாலையே நகரத்துக் கடைக்குச் சென்று ஒரு பெட்டி எஃகுக் கம்பி வாங்கி வந்தேன். கம்பியின் முனையிலிருந்த சிறு குண்டு, கித்தாரின் குதிரையிலிருந்த துளையில் வசதியாகச் சிக்கி நின்றது. முறுக்கினேன். ஒலி கணீரென்று வந்தது. பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒன்பதாம் நாள் காலை இசையறை அலமாரியைத் திறந்தபோது, குதிரை மேற்பலகையிலிருந்து பெயர்ந்து, கூடவே ஒரு பட்டை மரத்தையும் உரித்துக்கொண்டு கம்பிகளில் தொங்கிக் கொண்டிருந்தது. பையன் சொன்ன முதல் சொல், "நான் ஒண்ணும் செய்யலை ஐயா" என்பதுதான். உண்மை. செய்தது நான்.

அது எஃகுக் கம்பிக்காகச் செய்யப்பட்ட கருவியே அன்று. நைலான் நரம்புக்காகச் செய்யப்பட்டது. அகன்ற கழுத்தும், தலைப்பகுதியில் வெட்டப்பட்டிருந்த இரண்டு நீள் துளைகளும், நரம்பை முடிச்சுப் போடுவதற்கென்றே அமைந்த குதிரையும் அதை எனக்குச் சொல்லிக் கொண்டுதான் இருந்தன. படிக்கத் தெரியாதவனுக்கு ஏடு என்ன சொல்லும்? அந்த வெட்கம்தான் என்னை நரம்பின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. படிக்கப் படிக்க, என் பிழை எவ்வளவு பழமையான ஒன்று என்பதும், அதை நம் முன்னோர் எவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிய வந்தது.

'நரம்பு' என்னும் சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். உடலுக்குள் இருப்பதும் நரம்பு. யாழில் கட்டுவதும் நரம்பு. உலகின் பல பகுதிகளில் இசைக்கருவிகளுக்கு விலங்கின் குடலையும் தசைநாரையும் முறுக்கித்தான் கட்டினார்கள். ஆட்டுக்குடலைக் கழுவி, கொழுப்பு நீக்கி, கீறி, பல இழைகளை ஒன்றாகச் சேர்த்து முறுக்கி, இழுத்துக் கட்டி உலர்த்தினால் நரம்பு கிடைக்கும். நம் இலக்கியத்தில் இந்த முறுக்குக்குப் 'புரி' என்று பெயர். சிறுபாணாற்றுப்படை சீறியாழின் நரம்பைப் பொன்னைக் கம்பியாக இழுத்தாற்போன்றது என்றும், புரி அடங்கியது என்றும் வருணிக்கிறது. புரி அடங்குதல் என்பது வெறும் அழகுச்சொல் அன்று. முறுக்கு ஒரே சீராக, இழை பிதுங்காமல் இருப்பதே நல்ல நரம்பின் முதல் அடையாளம். இன்றைக்கும் கடையில் கம்பி வாங்கும்போது நாம் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சிலப்பதிகாரத்தின் கானல்வரியை நாம் எத்தனை முறை வகுப்பில் நடத்தியிருப்போம்! ஆற்றுவரி, சார்த்துவரி என்று பாட்டுக்குள் நேரே போய்விடுகிறோம். பாட்டுக்கு முன் இளங்கோவடிகள் என்ன சொல்கிறார் என்று நின்று பார்ப்பதில்லை. மாதவி கைக்கு வரும் யாழ் சித்திர வேலைப்பாடுள்ள துணி உறைக்குள் இருக்கிறது. பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்னும் நான்கிலும் குற்றம் நீங்கியதாக இருக்கிறது. அதாவது குடம், தண்டு, முறுக்காணி, நரம்பு ஆகிய நான்கையும் சோதித்த பிறகே கருவி வாசிப்பவரின் கைக்கு வருகிறது. உரைகாரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நரம்பின் குற்றங்கள் நான்கு என்று எண்ணியே வைத்திருக்கிறார்கள்: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. புரி கோணியிருத்தல், மயிர் கலந்திருத்தல், தும்பு பிசிராக நிற்றல், அளவுக்கு மீறி முறுக்கேறியிருத்தல் என்று நாம் பொருள் கொள்ளலாம்.

இதைக் கதையாகவே காட்டியவர் திருத்தக்கதேவர். சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தையோடு யாழ்ப்போட்டிக்குச் செல்லும் சீவகன், தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். ஒன்றின் மரம் நீரில் நின்று கெட்டது; ஒன்று இடி வீழ்ந்த மரம். நரம்பில் குற்றம் என்று சொன்ன இடத்தில், முறுக்கைப் பிரித்து உள்ளே இருந்த மயிரை எடுத்தே காட்டிவிடுகிறான். இந்தக் காட்சியை நான் பலமுறை படித்திருக்கிறேன். காப்பியத் தலைவனின் பெருமையைக் கூட்டுவதற்காகச் சொன்னது என்றுதான் நினைத்திருந்தேன். குதிரை பெயர்ந்த நாளுக்குப் பிறகு படித்தபோது அது வேறு மாதிரி இருந்தது. வாசிக்கும் முன் கருவியைப் பார் என்கிறான் சீவகன், நான் பார்க்கவில்லை.

நரம்பில் மயிர் கலந்தால் என்ன கெட்டுவிடும் என்று மாணவர்கள் கேட்பார்கள். நரம்பின் எடை அதன் நீளம் முழுவதும் சமமாக இருந்தால்தான் அதிர்வு சுத்தமாக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் கனம் கூடினாலோ குறைந்தாலோ சுருதி பிசகும். திறந்த நரம்பு சரியாக ஒலித்தாலும், மேலே மெட்டில் அழுத்தும்போது சுரம் தப்பும். பழைய கித்தார்க் கம்பியில் நிகழ்வதும் இதுவே. வியர்வையும் அழுக்கும் துருவும் ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் படிகின்றன; மெட்டின்மேல் அழுந்தும் இடங்கள் தேய்ந்து பள்ளமாகின்றன. எவ்வளவு முயன்றாலும் சுருதி சேரவில்லை என்று பிள்ளை சொன்னால், பிள்ளையின் காதைக் குறை சொல்லாதீர்கள். கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

ஜொகூரில் வாழும் நமக்கு மிகவும் நெருக்கமான செய்தி நெடுநல்வாடையில் இருக்கிறது. நக்கீரர் பாடிய அந்த வாடைக்கால நகரத்தில் எல்லாம் குளிரில் விறைத்துக் கிடக்கின்றன. ஆடல் மகளிர் பாட்டுக்கு யாழைக் கூட்ட முயல்கிறார்கள். குளிரால் நரம்பின் இனிய குரல் திரிந்துவிட்டது. அவர்கள் யாழை மார்போடு அணைத்து, உடலின் வெம்மையால் நரம்பைப் பதப்படுத்திய பிறகே பண் நிறுத்துகிறார்கள். ஈரக்காற்றும் குளிரும் நரம்பை என்ன செய்யும், அதைச் சரிசெய்ய எவ்வளவு மென்மையான சூடு போதும் என்பதெல்லாம் அந்தச் சில அடிகளில் இருக்கின்றன. இங்கே நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்போது, ஒரு வாரம் அலமாரியில் இருந்த கித்தாரை எடுத்து வாசித்துப் பாருங்கள். நக்கீரர் நம் பள்ளி இசையறைக்கு வந்து போனாரோ என்று தோன்றும்.

யாழ் வழக்கொழிந்து போன கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. மட்டக்களப்பைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தர் பல ஆண்டுகள் உழைத்து, இலக்கியக் குறிப்புகளையும் கணக்கையும் கொண்டு யாழின் வடிவத்தையும் சுரங்களையும் மீட்டெடுத்தார். அவருடைய 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டு சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். நம் பள்ளி நூலகங்களில் இந்நூல் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குடல் நரம்பின் இடத்தை உலோகக் கம்பி மெல்ல மெல்லப் பிடித்தது. நம் வீணையில் வாசிப்புக்குரிய நான்கு தந்திகள் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். முதல் இரண்டும் எஃகு. பின் இரண்டும் பித்தளை அல்லது வெண்கலம். பக்கத்தில் தாளத்துக்கு மூன்று. 'தந்தி' என்ற இந்தச் சொல்லே பிறகு கம்பிவழிச் செய்திக்கும் பெயராகி, 1942இல் மதுரையில் தொடங்கிய நாளிதழுக்கும் பெயரானது. வீணைக்கும் செய்தித்தாளுக்கும் என்ன உறவு என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், நல்ல புதிர்.

கித்தாரின் கதை வேறு வழியில் வருகிறது. கிரேக்கரின் கித்தாரா, அரபியரின் கீத்தாரா, ஸ்பானியரின் கித்தார்ரா என்று சொல் பயணப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அது ஆறு தனி நரம்புகள் கொண்ட கருவியாக நிலைபெற்றது. ஸ்பெயினில் அந்தோனியோ தெ தொர்ரெஸ் (1817 - 1892) என்னும் தச்சர் அதன் உடலைப் பெரிதாக்கி, நரம்பின் நீளத்தை ஏறக்குறைய 65 சென்டிமீட்டராக அமைத்தார். இன்றைய நைலான் கித்தார்களின் அளவு அதுவே. அப்போதும் மேல் மூன்று நரம்புகள் ஆட்டுக்குடல்தான். கீழ் மூன்று, பட்டு நூலின்மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றியவை.

ஏன் சுற்ற வேண்டும்? 1636இல் பிரெஞ்சுத் துறவி மாரின் மெர்சென் இதன் கணக்கை எழுதி வைத்தார். ஒரே நீளமுள்ள நரம்பில் சுரம் இறங்க வேண்டுமானால், இழுவிசையைக் குறைக்க வேண்டும் அல்லது எடையைக் கூட்ட வேண்டும். இழுவிசையை மிகவும் குறைத்தால் நரம்பு தொளதொளவென்று ஆடும். எடைக்காகத் தடித்த நரம்பைப் போட்டால் அது கழிபோல் விறைத்து, ஒலி மந்தமாகும். வளையும் உள்நரம்பின்மேல் கனமான கம்பியைச் சுற்றிவிட்டால் எடையும் கூடும், நெகிழ்வும் கெடாது. பதினேழாம் நூற்றாண்டில் கண்டறிந்த இந்த உத்திதான் இன்றுவரை எல்லாக் கித்தார்களிலும் இருக்கிறது. இத்தாலியின் சாலே என்னும் சிற்றூரில் 1680 அளவிலேயே நரம்பு முறுக்கிய தடாரியோ குடும்பத்தின் வழியினர், இன்று அமெரிக்காவில் அதே பெயரில் கம்பி செய்கிறார்கள். நான் அன்று வாங்கிய பெட்டியின்மேலும் அந்தப் பெயர்தான் இருந்தது! அவர்கள் மீது குற்றமில்லை. கம்பி நல்ல கம்பி.

எஃகுக் கம்பிக் கித்தார் அமெரிக்காவில் வளர்ந்தது. 1833இல் தொடங்கிய மார்ட்டின் நிறுவனம், 1922இல் எஃகுக் கம்பிக்கென்றே உறுதியாகக் கட்டிய ஒரு வகையை வெளியிட்டது. ஒலி பெரிதாக வேண்டும் என்ற கோரிக்கை அதற்குக் காரணம். குடல் நரம்புக் கித்தார் தன் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுத்தது போர். இரண்டாம் உலகப் போரில் அறுவை மருத்துவர்கள் காயங்களைத் தைக்க ஆட்டுக்குடல் இழையைத்தான் பயன்படுத்தினார்கள். இசைக்கு நரம்பு கிடைக்கவில்லை. 1938இல் தூபோன் நிறுவனம் உலகுக்கு அறிவித்த நைலானை நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டீன் என்னும் கருவித் தச்சர் எடுத்து நரம்பாக்கிப் பார்த்தார். ஸ்பானிய மேதை ஆந்திரேஸ் செகோவியா அதை வாசித்து ஏற்றுக்கொண்டார். 1940கள் முடிவதற்குள் குடல் நரம்பின் காலம் ஏறத்தாழ முடிந்தது. நம் மீனவர்கள் தங்கூசி என்று சொல்லும் தூண்டில் நரம்பும் இதே நைலான் குடும்பம்தான்.

எங்கள் தோட்டத்தில் இந்தக் குடும்ப உறவை யாரும் நூல் படித்து அறியவில்லை. லயத்து வீட்டு வாசலில் கித்தார் வாசித்த அண்ணன் ஒருவர், முதல் நரம்பு அறுந்தால் தங்கூசி கட்டுவார். கடைசி நரம்புக்கு மிதிவண்டியின் பிரேக் கம்பியைப் பிரித்து ஓரிழை எடுத்து மாட்டுவார். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போன பின், மலாயாவெங்கும் 'குகிரான்' என்னும் இளைஞர் கித்தார்க் குழுக்கள் முளைத்த காலத்தின் எச்சம் அவர். பிரேக் கம்பி மெட்டுகளை அரம்போல் தேய்த்துவிடும் என்பதை அவர் பிறகுதான் கண்டுகொண்டார்.

ஜொகூருக்கென்று தனிப் பெருமை ஒன்று உண்டு. இம்மாநிலத்தின் கசல் இசையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மூவார் நகரம் அதற்குப் பேர்போனது. அந்தக் குழுவில் ஆர்மோனியமும் தபேலாவும், அரபு நாட்டு வழிவந்த கம்புசும், மேற்கத்திய வயலினும் கித்தாரும் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. கம்புசில் இணை இணையாக நரம்பு, வயலினில் நான்கு, கித்தாரில் ஆறு. ஒரே மேடையில் மூன்று வகை நரம்புக் கருவிகள்! இவை எல்லாவற்றையும் இந்த ஈரக்காற்றில் ஒரே சுருதியில் நிறுத்துவது எளிய வேலையன்று. வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளை அழைத்துச் சென்று, பாட்டு தொடங்குவதற்கு முந்திய அந்தப் பத்து நிமிடங்களைக் காட்டுங்கள்.

இனி, பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பதற்கு வருகிறேன். எந்தக் கம்பி வாங்குவது? முதலில் கருவி எந்த வகை என்று பாருங்கள். குதிரையில் நரம்பை முடிச்சுப் போடும் துளைகள் இருந்தால் நைலான் மட்டுமே. வெள்ளை அல்லது கறுப்பு முளைகள் குத்தியிருந்தால் பெரும்பாலும் எஃகு. ஆறு நைலான் நரம்புகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 40 கிலோ. எஃகில் அது 70 கிலோ அளவுக்குப் போகும். தாத்தாவின் கித்தார்மேல் நான் ஏற்றி வைத்த கூடுதல் பாரம், ஓர் ஐந்தாம் ஆண்டு மாணவனின் எடை.

எஃகுக் கம்பியில் தடிப்பு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறிக்கப்படும். முதல் கம்பி 0.010 என்றிருப்பது சிறுவர் விரலுக்கு ஏற்றது. 0.012 கடைகளில் பரவலாகக் கிடைப்பது. ஒலி நிறைவாக இருக்கும், விரல் வலிக்கும். பிள்ளை விரல் வலியால் கித்தாரை விட்டுவிடுவதைவிட ஒலி சற்றுக் குறைவது மேல் என்பது என் கருத்து. வெண்கலம் என்று பெட்டியில் போட்டு விற்கும் பொன்னிறக் கம்பியில் 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் இருக்கும். சரியாகச் சொன்னால் அது பித்தளை. புதிதில் பளிச்சென்று ஒலித்து விரைவில் மங்கும். செம்போடு வெள்ளீயமும் சிறிதளவு பாஸ்பரசும் சேர்ந்த கம்பி 1974 முதல் வருகிறது. சற்றே கனிவான ஒலி, கூடுதல் ஆயுள். 1990களில் வந்த பூச்சுக் கம்பிகள் விலை கூடியவை. ஆனால் வியர்க்கும் கைக்கும் நம் ஊர்க் காற்றுக்கும் அந்த விலை தகும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாசிக்கும் முன் கை கழுவ வேண்டும். வாசித்த பின் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைக்க வேண்டும். வியர்வையின் உப்புதான் துருவுக்கு வித்து. கித்தாரை வெயிலில் நிறுத்திய மகிழுந்தில் விட்டுச் செல்லவே கூடாது. உள்ளே ஏறும் சூட்டில் பசை இளகும். குளிரூட்டிய மண்டபத்தில் வாசிப்பதானால் அரை மணி முன்பே கருவியை உள்ளே கொண்டு போய் வைத்து, அதன் பிறகு சுருதி கூட்டுங்கள். புதிய நைலான் நரம்பு ஒரு வாரம் வரை நீண்டுகொண்டே இருக்கும். விழாவுக்கு முதல் நாள் மாற்றாதீர்கள். உறையும் வேண்டும், மாதவியின் யாழுக்கு இருந்ததைப்போல.

தாத்தாவின் கித்தாரை ஜொகூர் பாருவில் கருவி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டு போனேன். குதிரையையும் பலகையையும் பார்த்துவிட்டு, "எஃகு போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். மூன்று வாரம் ஆயிற்று. உரிந்த மரத்தை ஒட்டி, பழைய பசையைச் சுரண்டி, குதிரையை மீண்டும் பதித்துக் கொடுத்தார். ஒட்டிய இடத்தில் ஒரு கோடு தெரிகிறது. செலவை நான் ஏற்றுக்கொண்டேன். பையனின் பாட்டியிடம் நேரில் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. "அவரும் ஒரு தடவை அப்படித்தான் பண்ணினாருங்க சார்" என்றார். முன்பே ஒருமுறை குதிரை பெயர்ந்து ஒட்டப்பட்டதாம்! பழைய பசை எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

பரிசளிப்பு விழாவுக்குக் கித்தார் திரும்பவில்லை. பள்ளிக் கித்தாரில் வாசித்தான். இப்போது பழைய சேலையில் பாட்டி தைத்துக் கொடுத்த உறைக்குள் வைத்து வியாழக்கிழமைதோறும் கொண்டு வருகிறான். உறையைப் பிரித்ததும் முதலில் குதிரையைத்தான் தடவிப் பார்க்கிறான். இரண்டாம் நரம்பு மட்டும் இன்னும் இறங்கிக் கொண்டே இருக்கிறது. அடுத்த வாரம் அதை மாற்ற வேண்டும்.